இடது பக்கத்துக் குரல்

என் மனைவி ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் ஒருக்களித்து, இடது பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். சேலை கட்டியவர்கள் வேறெப்படி உட்காருவது? கிளாக்கோமா என்கிற கண் நீரழுத்த நோய் வந்து என் இடது கண்ணில் ஓரப் பார்வை போன பிறகு அந்தப் பக்கத்தை அவளே எடுத்துக்கொண்டாள். "ஏங்க, மாடு." "ஏங்க, ஆட்டோக்காரன் திரும்பறான்." "கூட்டம் ஜாஸ்தி, மெதுவா." நான் வலது பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அவள் இறந்துபோன பிறகும் குரல் நிற்கவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பினால் தோளுக்குப் பின்னால் ஆரம்பித்துவிடும். பழக்கம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புவேன். ஆனாலும் அந்தக் குரல் சொன்னால் பிரேக் பிடித்தேன்.

இந்த வருடம் லைசென்ஸ் முடிந்தது. என் வயதில் புதுப்பிக்க வேண்டுமென்றால் டாக்டர் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்பது அரசு விதி. நல்ல விதி. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரிடம் போய் நிற்பேன்? தகுதி என்று எழுதிவிட்டால் யார் மேல் போய் ஏற்றுவேன்?

செங்கம் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். சுவரில் பார்வை அட்டை தொங்கியது. அதில் எத்தனை வரிசை என்று நான் எண்ணி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டாள்.

"கண்ணப் பாக்கலியாம்மா?"

"சார், உங்களுக்குப் போயி நான் டெஸ்ட் வெக்கறதா? நீங்க வெச்ச டெஸ்ட்டே இன்னும் கனவுல வருது."

சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் பக்கம் கிளம்பினேன். மறுநாள் பௌர்ணமி, மலை சுற்ற வந்தவர்கள் ரோட்டோரமெல்லாம் நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குக் குரல் வரவில்லை. வராததால் இடது பக்கம் காலி என்று எடுத்துக்கொண்டேன்.

ஹேண்டில்பார் எதிலோ உரசியது. தூக்குவாளி ஒன்று தார் ரோட்டில் உருண்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"யோவ் பெருசு, கொழந்தையோட போறது கண்ணு தெரியல? உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?"

"பட்டுச்சாம்மா?"

"வாளியில பட்டுச்சு. புள்ள மேல பட்டிருந்தா நீ இப்படி நின்னு கேட்டுக்கினு இருப்பியா?"

வண்டியைத் தள்ளிக்கொண்டே கிளினிக்குக்குத் திரும்பினேன்.

"டெஸ்ட் வை" என்றேன். "வாத்தியார்னு பாக்காத."

வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னாள். "என் மூக்கையே பாருங்க சார். ஓரத்துல எத்தன விரல் தெரியுதுனு சொல்லுங்க."

ஓரத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. காத்திருந்தேன். தோளுக்குப் பின்னால் தெளிவாக வந்தது: "ஏங்க, மூணு."

"மூணு" என்றேன்.



"சார், நான் இன்னும் கையே தூக்கல."

சான்றிதழை நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைக் கிழித்தபோது எனக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.