வடக்கு எந்தப் பக்கம்

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று நான் இதுவரை சொன்னதில்லை. போரின் கடைசி மாதங்களில், ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குப் பக்கத்தில் அவளை அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடினோம். அவளுக்கு மூன்று வயது.

போன மாதம் இங்கே லண்டனில், பழைய கோட்டையொன்றின் மதிலோரம் தண்ணீர்க் குழாய்க்காக நிலம் வெட்டினோம். அப்படியான இடத்தில் தொல்லியல் படித்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். வந்தவர் ஒரு இளம் பெண். அவர் கையை உயர்த்தினால் நாங்கள் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

மண்ணுக்குள் சின்ன எலும்பொன்று தெரிந்தது. அவர் கையை உயர்த்தினார். நானோ குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அதை மூடிவிட்டேன். அதை அப்படித் திறந்தபடி விட ஏலாது என்று மட்டுமே தோன்றியது.

"என்ன அண்ணை செய்யிறியள்? அது ஆட்டெலும்பாம், அவ சொல்லுறா! எந்த ராசா திண்டு எறிஞ்சதோ!" என்று கூட வேலை செய்த தம்பி சிரித்தான்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. மண்ணை மெல்ல விலக்கி, மதிலிலிருந்து நாடாவால் அளந்து, எலும்பு கிடந்த இடத்தைத் தாளில் வரைந்தார். வடக்குத் திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டார். ஒரு ஆட்டெலும்புக்கு.

எல்லோரும் போனபின், வேலை வான் வண்டிக்குள் இருந்து நானும் ஒரு தாளில் வரைந்தேன். கிணறு, அதிலிருந்து பதினொரு எட்டு வைத்தால் பங்கர், அதன் ஓரத்தில் அவள். வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெகுநேரம் யோசித்தேன். கடல் கிழக்கே இருந்தது நினைவுக்கு வந்ததும், அதை வைத்து அம்புக்குறியைப் போட்டேன்.