"அம்மாவக் கூப்பிடுறாரு சார்"

எழுபதுகளில் காளவாசலில் ஒரு மனநல டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். அவர் நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து, எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைக் கொடுத்து, மனதிலிருப்பதை எல்லோர் முன்னிலையிலும் பேசச் சொல்வார். ஒருநாள் நெசவாளர் ஒருவர், மருந்து ஏறியதும், என் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் கதறினார்: "என் தம்பி தவறி விழவில்லை. நான்தான் கிணற்றில் தள்ளினேன்."

அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"என்னப்பா சொல்றாரு?" என்று டாக்டர் கேட்டார்.

எங்கள் சனத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று பயந்து, "அம்மாவக் கூப்பிடுறாரு சார்" என்றேன்.

மருந்து தெளிந்ததும் நெசவாளர் என்னிடம் வந்தார். "நான் பேசுனது யாருக்காச்சும் புரிஞ்சுச்சாண்ணே?"

"இல்லண்ணே" என்றேன், எனக்கும் அந்த மொழி தெரியாததுபோலத் தமிழில்.

அவர் முகம் வாடிவிட்டது. "இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் வாயத் தொறந்தேன்" என்றவர், பிறகு வரவேயில்லை.

வீட்டில் யாராவது எங்கள் மொழியில் பேசினால், இன்றும் தமிழில்தான் பதில் சொல்கிறேன். ஏன் என்று மனைவி கேட்பாள். அதற்கும் ஒரு பொய் வைத்திருக்கிறேன்.