சீட்டுக்குள் இருந்த வெள்ளம்

எல்கடுவ எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தபோது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். புதுப் பெயிண்ட் அடித்த பழைய மைனர் ரகக் கார். பிள்ளைகளை அதில் மலைப்பாதையில் பள்ளிக்கூடம் கூட்டிப்போகலாம் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

நான்கு இராணுவ செக் பொயின்ட் தாண்டிக் காரைப் பார்க்கப் போனேன். சீட் உறைக்கு அளவெடுக்க வஹகோட்டையிலிருந்து தையல்கார ரீட்டா அக்காவும் கூட வந்திருந்தார்.

அக்கா அளவெடுக்கவில்லை. சீட்டின் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்து, பாதியில் கையை நிறுத்தினார்.

"தம்பி, இதுக்குக் கீழ உள்ள அடைச்ச தேங்காத் தும்பு கட்டியாப் போயிருக்குங்க. இது வெள்ளத்துல கெடந்த வண்டி."

கார்க்காரர் சிரித்தார். "சும்மா சொல்றாங்க. மழையில கூட நனையல."

அக்கா அவரிடம் கேட்டுக்கொண்டு கதவின் உள்ளட்டையைக் கழற்றினார். அக்காவின் கை நின்ற அதே உயரத்தில், கோடு கிழித்தது போல் காய்ந்த சேறு. அடுத்து அக்கா பிரேக் மிதிக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிக் கத்தரி முனையால் அழுத்தினார். துருவேறிய தகரத்தில் அது சுலபமாக இறங்கியது. எல்கடுவ வளைவுகளில் பிள்ளைகளோடு அந்த பிரேக்கை மிதிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"பெயிண்ட் வெளியதானே அடிப்பாங்க. தும்ப யாரு கழுவுறாங்க?"

அந்தக் காரை வாங்கவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பழைய காரானாலும் உள்ளட்டையைக் கழற்றிப் பார்த்த பிறகே விலை கேட்கிறேன். கழற்ற விடாதவரிடம் விலையே கேட்பதில்லை.