ஜெசிந்தா ஓட்டாத சைக்கிள்

எங்க டூல் ரூமுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. அன்னிக்கு காலையில பதினோரு மணி இருக்கும், செக்யூரிட்டி அண்ணன் ஷெட் முழுக்க நடந்து வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாரு. கேட்டை விட்டு அவர் வந்து நான் பாத்ததே இல்ல. அவர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே மெஷினை நிறுத்திட்டேன்.

"வீட்லருந்து போன் மேல போன் தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

ஜெசிக்கு டெங்கு, அட்மிட் பண்ணி நாலாவது நாள். காலையில அவதான் என்னை வேலைக்குத் துரத்தி விட்டா. "போயிட்டு வாங்க. இங்கயே உக்காந்து அந்த மானிட்டரை மொறச்சுக்கிட்டு இருந்தா அதுவே பயந்துக்கும்." நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ போயிட்டா.

அடக்கத்துக்கு நீங்க எல்லாரும் வந்தீங்க. யார் என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இல்ல. கோச்சுக்காதீங்க.

நம்ம ஞாயித்துக்கிழமை சைக்கிள் குரூப்ல முரளி அண்ணன் ஒரு விஷயம் போட்டிருந்தாரு. ஜெசி பேர்ல ஒரு மவுண்டன் பைக் வாங்கி வெக்கலாம், சொந்த வண்டி இல்லாம முதல் தடவை வர்ற பொண்ணுங்க அதுல ஓட்டட்டும்னு. கடைசியில, "வீல் எந்த சைஸ்னு நீயே சொல்லு தம்பி, நம்மள்ல நீதான் இஞ்சினியர்"னு எழுதியிருந்தாரு. மூணு வாரமா டைப் பண்றேன், அழிக்கிறேன். வீட்ல ரெண்டு நிமிஷம் சேந்தாப்ல உக்கார முடியல. எந்திரிக்கிறேன், சமையக்கட்டு வரைக்கும் போறேன், எதுக்கு வந்தேன்னு தெரியாம திரும்பி வர்றேன். ஒரு நம்பர் சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்ல முடியலன்னு எழுதறதுக்குத்தான் இது.

போன ஆயுத பூஜைலருந்து ஆரம்பிக்கணும். முரளி அண்ணன் ஷெட்ல நம்ம சைக்கிளுக்கெல்லாம் பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் வெச்சோமே, அன்னிக்கு. எல்லாரும் உருட்டினீங்க. ஜெசியோட பழைய இருபத்தாறு இஞ்ச் சக்கரம் பழத்துல இடிச்சு நின்னுடுச்சு. ரத்னா அக்காவோட இருபத்தொன்பது நசுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் சும்மா இருந்தேனா? கீழ உக்காந்து சாக்பீஸால வட்டம் போட்டு வகுப்பு எடுத்தேன். சின்ன வட்டத்துக்கு பழம் பெரிய மேடு, பெரிய வட்டத்துக்கு அதே பழம் சின்ன மேடு, காட்டுல கல்லுக்கும் வேருக்கும் இதே கதைதான்னு.

ஜெசி முழுசாக் கேட்டா. "அப்ப எனக்கு அந்தப் பெரிசு வாங்கிக் குடுங்க."

"உனக்கு செட் ஆகாது. உயரம் பத்தாது. இருபத்தேழரைதான்."

"இப்பத்தானே பெரிசு நல்லதுன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"ஓஹோ. நான் பொதுவுல வரமாட்டனா?"

நீங்க எல்லாம் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வாரமே இருபத்தேழரை வாங்கிட்டேன். உயரத்துக்கு ஒரு சார்ட் இருக்குது. அஞ்சடி ஒண்ணரை அங்குலத்துக்கு எதிர அந்த சைஸ்தான் போட்டிருந்துச்சு. கடைக்கு அவளும் வந்தா, ஆனா அவளை எதுலயும் ஏத்தி ஓட்டிப் பாக்கச் சொல்லல. சார்ட்தான் இருக்கே. அவ கியர் கம்பெனில க்வாலிட்டில இருந்தவ, அளந்து பாக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டா. என்னை மட்டும் எப்படியோ பாஸ் பண்ணி விட்டா.

முதல் மாசம் சொன்னா. அஞ்செட்டிப் பக்கம் மண் ரோட்டுல கல்லு வந்தா முன்சக்கரம் டக்குனு நிக்குது, தோள்பட்டை வலிக்குதுன்னு. அது வண்டி இல்ல, உன் டெக்னிக்குனு சொன்னேன். டயர்ல காத்தைக் குறைச்சேன். கூட்டினேன். திரும்பக் குறைச்சேன். ரெண்டாவது மாசத்துலருந்து அவ எதுவும் சொல்லல. அதுமட்டுமில்ல, வேகமாவும் வர ஆரம்பிச்சா. அந்தக் கல்லு ஏத்தத்துல அவ நேரம் வாராவாரம் குறைஞ்சுது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். அவ போன்ல பதிவானதை எல்லாம் எடுத்து கிராஃப் போட்டு, அந்த தேன்கனிக்கோட்டை டீக்கடையில உங்க எல்லார்கிட்டயும் நீட்டினேன், ஞாபகம் இருக்கா?

"பாத்தீங்களா? இருபத்தேழரையோட ரிசல்ட்டு."

முரளி அண்ணனுக்கு போண்டா புரையேறிடுச்சு. ரத்னா அக்கா தண்ணி குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஜெசி மட்டும் முகத்துல ஒரு சுருக்கம்கூட இல்லாம, "எங்க வீட்டுக்காரர் கணக்குன்னா கணக்குத்தான்"னா. எனக்கு இன்னொரு டீ சொன்னா.

இன்னொண்ணு. சீட்டைத் தாங்குற கம்பியில கீறலா இருந்துச்சு. கிளாம்ப் பிடிக்கல, ஓட்டும்போது சீட்டு எறங்குதுன்னு நானே முடிவு பண்ணி புது கிளாம்ப் மாட்டினேன். மறுபடி கீறல். இன்னொரு கம்பெனி கிளாம்ப் மாட்டினேன். "ஏன் ஜெசி, எறங்குதா?"ன்னா, "ஆமாங்க, லேசா"ம்பா.

அவளோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல எல்லாருக்கும் சாப்பாடு போட்டுட்டு இருந்தோம். ரத்னா அக்கா என் கையப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அக்கா பேரிகைல பி.டி. டீச்சர். அவங்க விசில் அடிச்சா பஸ்ஸே நிக்கும். அவங்க குரலே வெளிய வரல.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்கு சோறு எறங்காது."

"சொல்லுங்கக்கா."

"அவ வண்டிய நான்தாம்ப்பா ஓட்டினேன். என் வண்டிய அவ ஓட்டினா."

எனக்குப் புரியல.

"டீக்கடை தாண்டினதும் நீ மேப்பை மாட்டிக்கிட்டு முன்னாடி போயிடுவ. திரும்பிப் பாக்க மாட்ட. நாங்க எறங்கி சீட்டை ஏத்தி எறக்கிட்டு மாத்திக்குவோம். திரும்பி வர்றப்ப கடைசி வளைவுல மறுபடி மாத்திக்குவோம். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லித் தொலைடீன்னு நானும் எத்தனையோ வாட்டி சொன்னேன். 'கணக்கு சரியா வந்தா அவரு மூஞ்சியப் பாத்திருக்கீங்களாக்கா? சின்னப் பையன் பரீட்சைல பாஸான மாதிரி. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், அடுத்த ஆயுத பூஜைக்கு நானே சொல்லி மானத்தை வாங்கறேன்'னா."

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்குது.

அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு, யார் மேலன்னு தெரியல. வீட்டுக்குப் போய் வெர்னியரை எடுத்து சீட்டுக் கம்பியில இருந்த கீறலை அளந்தேன். ரெண்டு வளையம், நடுவுல சரியா ஆறு சென்டிமீட்டர். ஒண்ணு ஜெசி உயரம், ஒண்ணு ரத்னா அக்கா உயரம். கழண்டு எறங்குற கம்பின்னா நீளவாக்குல ஒரே கீறலா இருக்கும், இப்படி ரெண்டு வளையமா இருக்காது. வேலையில இப்படி ஒரு பீஸ் வந்தா அரை நிமிஷத்துல சொல்லிடுவேன். வாராவாரம் என் கையாலதான் துடைச்சேன்.

அன்னிக்கே முரளி அண்ணனுக்கு 'இருபத்தொன்பது'ன்னு டைப் பண்ணேன். அதுதான் நியாயம்னு பட்டுச்சு. ஆனா அனுப்பல. நேர்ல வந்தே சொல்லிடலாம்னு போன ஞாயித்துக்கிழமை வந்தேன். ஜெசி வண்டிய வீட்ல விட்டுட்டு வர மனசில்ல, அதையும் கார்ல ஏத்திட்டு வந்தேன்.

அன்னிக்குத்தான் அந்தப் புதுப் பொண்ணு வந்திருந்துச்சு. பர்கூர்லருந்து வேலைக்கு வந்திருக்குது, போன் அசெம்ப்ளி லைன்ல. கிட்டத்தட்ட ஜெசி உயரம். "அண்ணா, எனக்கு எது சரியா வரும்?"னு என்னைத்தான் கேட்டுச்சு. நான் ஒரு செகண்ட்கூட யோசிக்கல. "இருபத்தொன்பது. வேற எதையும் பாக்காத"ன்னு ரத்னா அக்கா வண்டிய வாங்கிக் குடுத்தேன்.

பத்து நிமிஷத்துல அது வண்டிய உருட்டிக்கிட்டே திரும்பி வந்துச்சு.

"இது வேணாம்ணா. எருமை மாட்டைத் திருப்புற மாதிரி இருக்குது. வளைவுல நேரா முள்ளுக்குள்ளயே போயிட்டேன்."

"அது பழகிடும்மா. பெரிய சக்கரம்னா கல்லு மேல ஏறும்போது..."

கை தானா சாக்பீஸைத் தேடுச்சு. ரத்னா அக்கா விசிலை வாய்கிட்ட கொண்டு போனாங்க, அவ்வளவுதான். நான் நிறுத்திட்டேன்.

"கார்ல ஒண்ணு நிக்குதே, அது யாருதுண்ணா?"

எறக்கிக் குடுத்தேன். சீட்டை நானே ஜெசியோட வளையத்துக்கு எறக்கி வெச்சேன். அந்தப் பொண்ணு ராகிக் கொல்லை தாண்டி, அந்த ஏத்தம் ஏறி, கண்ணுக்குத் தெரியாமப் போயிடுச்சு. நான் ரோட்டோரமா நின்னேன். அத்தனை வாரத்துல ஒரே எடத்துல அவ்வளவு நேரம் நின்னது அன்னிக்குத்தான்.

அதனால முரளி அண்ணே, என் பதில் இது. எங்கிட்ட நம்பர் இல்ல. ஜெசி வண்டிய குரூப்புக்கே குடுத்துடறேன், அது இருபத்தேழரை. நீங்க வாங்குறதை இருபத்தொன்பதா, சின்ன ஃபிரேம்ல வாங்குங்க. வர்றவங்க ரெண்டுலயும் ஓட்டட்டும். பிடிச்சதை அவங்களே சொல்லட்டும். நடுவுல யாராவது சார்ட்டை நீட்டினா பிடுங்கிப் போட்டுருங்க. நீட்டுறது பெரும்பாலும் நானாத்தான் இருப்பேன்.

புதுசா வந்தவங்க ஓட்டிட்டு வந்து எறங்கினா, ஜெசி தண்ணி பாட்டிலை நீட்டிட்டு "எப்படி இருந்துச்சு?"ன்னு கேப்பா. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பா. நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க. அவ வந்து எறங்கறப்ப நான் கேட்டதெல்லாம் "எத்தனை நிமிஷம்?" மட்டும்தான்.

அன்னிக்கு அந்தப் பொண்ணு உடம்பெல்லாம் புழுதியோட திரும்பி வந்துச்சு. தண்ணி குடுத்துட்டு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். நாய் துரத்தினது, செயின் கழண்டது, எறக்கத்துல பயத்துல கத்தினதுன்னு ரொம்ப நேரம் சொல்லுச்சு. நான் நடுவுல ஒரு வார்த்தை பேசல.