சாமைப்பாறைக்காக ஒரு துணைக்கேள்வி

எம்.பி.யின் உதவியாளர் என்றால் மாதம் நாலு தடவை விமானத்தில் டெல்லிக்குப் பறப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது, அமைச்சர் எந்தப் பக்கமும் நழுவ முடியாதபடி ஒரு கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு, அவர் எந்தப் பக்கம் நழுவினார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொள்ளும் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக ஜீவன்களே, என் கதையையும் கேளுங்கள். எனக்குச் சொந்த ஊர் படவேடு. எங்கள் எம்.பி. கரும்பு விவசாயி, முதல் தடவை ஜெயித்தவர். ஊரில் மைக் கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுவார். மக்களவையில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

மனு

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில், சந்தையன்று உட்கார்ந்து மனு வாங்குவோம். ஒருநாள் சின்னப்பொண்ணு என்கிற அங்கன்வாடிப் பணியாளர் வந்தார். மலைக்கு உள்ளே இருக்கும் சாமைப்பாறை அவர் ஊர். பிள்ளைகளின் எடையைத் தினமும் போனில் ஏற்ற வேண்டும், ஊரில் சிக்னல் கிடையாது. ரெண்டு கிலோமீட்டர் ஏறிப்போய் ஒரு பாறைமேல் நின்றால்தான் போன் வேலை செய்யும். போன மழையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட இவரேதான் அந்தப் பாறைக்கு ஓடியிருக்கிறார். ஊர்க்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க, வண்டி வருவதற்குள் பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய விஷயம்.

எம்.பி. மனுவை இரண்டு தடவை படித்தார். “டவர் வேணும்னு பார்லிமெண்ட்ல கேள்வி கேக்கறேம்மா” என்றார். சின்னப்பொண்ணு அசரவில்லை. “கேள்வி எங்க வூட்லயே நெறைய கீதுங்க. நீங்க பதில எட்த்துனு வாங்க.”

கண்ணீரும் கேள்விக்குறியும்

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மழை, வலி, பாறை, ஓட்டம் எல்லாம் அதில் இருந்தது. தட்டச்சு செய்யும்போது எனக்கே கண் கலங்கியது. எம்.பி. கையெழுத்துப் போட்டார், அனுப்பினோம். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது.

டெல்லியில் கேள்விகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு போன் செய்தேன். எடுத்தவர் நல்லவேளையாகத் தமிழர். நான் எழுதியதை எனக்கே நிதானமாகப் படித்துக் காட்டினார். பிறகு சொன்னார்: “நல்லா எழுதியிருக்கீங்க மேடம், எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு. ஆனா ரெண்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறிகூட இல்லையே!”

தாளில் வந்த சிக்னல்

இரண்டாவது தடவை நாலே வரி. எழுத்துமூலம் பதில் வந்தது: ‘சாமைப்பாறை உட்பட அப்பகுதிக் கிராமங்களில் கைபேசிச் சேவை உள்ளது.’ எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நாங்கள்தான் விசாரிக்காமல் கேட்டுவிட்டோமோ என்று. தாளை எடுத்துக்கொண்டு மலையேறினேன். பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. ஊர் முழுக்க போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன், ஒரு கோடுகூட வரவில்லை.

புளி உலர்த்திக்கொண்டிருந்த கோவிந்தன் என்பவர், “இன்னா மேடம், வெயில்ல போனக் காய வெக்கிறீங்களா?” என்று கேட்டார். பதிலைப் படித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. “இதுல எந்தப் பக்கம் காத வெச்சா கேக்கும்ங்க?”

பதினேழாவது இடம்

அடுத்தது நட்சத்திரக் கேள்வி. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், நம் ஆளும் எழுந்து அதன்மேல் துணைக்கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கலில் எடுப்பார்கள். எங்களுக்கு விழுந்தது பதினேழாவது இடம். ஐந்தாவதோடு நேரம் முடிந்துவிட்டது. எம்.பி. போன் செய்தார். மெதுவாகச் சொன்னார்: “நம்ம முறை வரலன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. அத நெனச்சாத்தான் வெக்கமா கீது.”

எழுந்து நின்றார்

அடுத்த கூட்டத்தொடரில் நாலாவது இடம் கிடைத்தது. அன்று சின்னப்பொண்ணும் கோவிந்தனும் எங்கள் ஜமுனாமரத்தூர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். மூன்று பேரும் என் போனில் நேரலை பார்த்தோம். அமைச்சர் அதே பழைய பதிலைப் படித்தார். எம்.பி. எழுந்தார். நான் தயாரித்துக் கொடுத்திருந்த துணைக்கேள்வியைப் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

தமிழில் பேசினார்: “உங்க பதில்ல டவர் இருக்குதுங்க. எங்க ஊர்ல இல்ல. ஒரு அதிகாரிய சாமைப்பாறைக்கு அனுப்புங்க. அங்கருந்து அவர் உங்களுக்கு ஒரு போன் போடட்டும். அனுப்புவீங்களா?” மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் அவையில் சிரிப்பு. அமைச்சரும் சிரித்துவிட்டார். கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, “கட்டாயம் அனுப்புகிறேன்” என்றார். கோவிந்தன் என் முதுகில் ஓங்கித் தட்டினார். சின்னப்பொண்ணு மட்டும் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதிக் குடுத்த பேப்பர மடிச்சி வெச்சிட்டாரு பாருங்க. அப்டியும் கேட்டுட்டாரே மனுசன்!”

அதிகாரி வந்தார்

சொன்னபடியே ஒருவர் வந்தார், சோதனைக் கருவியோடு. நல்ல மனிதர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவரை வைத்து, இந்தப் பக்கத்துக்கும் வரைபடத்தில் வண்ணம் அடித்துவிட்டார்கள் என்று கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்தார். குறிப்பு எழுதி முடித்து, வண்டியை வரச்சொல்ல போனை எடுத்தார். அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கடைசியில் என்னைப் பார்த்து, “மேடம், அந்தப் பாறைக்கு எப்படிப் போகணும்?”

இரும்பு ஏறியது

அதன்பிறகும் லேசில் முடியவில்லை. டவருக்கு அனுமதி வந்தது, ஆனால் முதலில் பார்த்த இடம் வனத்துறை எல்லைக்குள் இருந்தது. கோவிந்தன் தன் பட்டா நிலத்தின் ஓரத்தில் இடம் விட்டார். டவர் கம்பிகளைத் தலைச்சுமையாக மலைக்கு ஏற்றினார்கள், ஊரே கைகொடுத்தது. போன வாரம் நான் கணியம்பாடியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். “மேடம், சின்னப்பொண்ணு பேசறேன். அங்கன்வாடிக்குள்ள உக்காந்துனே பேசறேன்! சார்கிட்ட சொல்லிடுங்க.” நான் பேசுவதற்குள் அவரே தொடர்ந்தார்: “பேப்பர், பேனா கீதா? ரோடு இன்னும் வரல, எழுதிக்கோங்க.”

எங்கள் வேலையில் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தால் சம்பளம் ஏறாது, கேள்விகள்தான் ஏறும். ஆனாலும் அடுத்ததை நான் நாலே வரியில், கேள்விக்குறியோடு எழுதிவிட்டேன்.