ஜெபத்தில் நான் சேர்த்த வரி

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சபைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நான்கு கல்லூரி மாணவர்கள் பத்து நாள் ஊழியத்துக்காக வந்திருந்தார்கள். காலையில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பார்கள். மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று போதகர் கேட்டபோது, சபை மொத்தமும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று பேசப்போகிறேன் என்றதும், இருப்பதிலேயே நல்ல சுடிதாராகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன்.

அவர்களில் ஒருத்தியுடன்தான் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கும் என் வயதுதான். மெல்லிய குரல். ஜெபிக்கும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். அது எனக்குச் சப்பென்று இருந்தது. நாங்களெல்லாம் கன்வென்ஷன் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெபம் என்றால் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும், கடைசியில் 'சுகமாயிற்று' என்று ஓர் அறிவிப்பாவது வர வேண்டும். அதனால் அவள் ஒரு வரி சொன்னால் நான் மூன்று வரி சொன்னேன். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். "நல்லா அபிஷேகத்தோட சொல்றியே" என்று போதகரின் மனைவி முதுகில் தட்டிக் கொடுத்தார். கேட்கவா வேண்டும்?

மூன்றாம் நாள் ஒரு தேங்காய் வெட்டுகிற அண்ணன் வீட்டுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அவரைப் போல மரமேற ஆள் கிடையாது என்பார்கள். ஆனால் ஒன்றரை வருடமாக அவருக்கு வலிப்பு. மரம், கிணறு பக்கமே போகக்கூடாது, மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் திராட்சைத் தோட்டத்தில் பெண்களோடு சேர்ந்து கவாத்து வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார். அவரோ கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் மட்டும் தலைகாட்டுபவர். அன்று மட்டும் எங்கள் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் வழக்கம்போல மெதுவாக ஜெபித்தாள். அது எனக்குப் போதவில்லை. இவ்வளவு நம்பி உட்கார்ந்திருக்கும் மனுஷருக்கு இவ்வளவுதானா என்று இருந்தது. குரலை உயர்த்தினேன். "இந்த நேரத்திலே ஆண்டவர் உங்களைத் தொட்டுவிட்டார். இனி அந்த வியாதி உங்களை நெருங்காது" என்று முழங்கினேன். அவள் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அண்ணனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து நானும் அழுதேன். அன்று வீட்டுக்குப் போனபோது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, காலையில் சபை வாசலில் கிளம்பத் தயாராக நின்றோம். அந்த அண்ணனின் மனைவி இரண்டு கைகளிலும் இளநீர்க் குலைகளைத் தூக்கிக்கொண்டு வேகுவேகென்று வந்தார்.

"இது அவுக வெட்டுனது, பாப்பா! நேத்து நாலு மரம் ஏறுனாக. இன்னைக்குப் பெரிய வெட்டு, விடியவும் கெளம்பிட்டாக. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு."

"மாத்திரை போடுறாகளாக்கா?" என்று கேட்டேன்.

"அத அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. சாமி சொகமாக்கிட்டேன்னு சொன்ன பெறகும் மாத்திரை போட்டா, சாமிய நம்பாத மாதிரியில்ல ஆயிரும்?"

அக்கா என்ன சொல்கிறார் என்று அந்த ஆஸ்திரேலியப் பெண் ஆவலாக என் முகத்தையே பார்த்தாள். 'நன்றி சொல்கிறார்கள்' என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். இன்னும் மூன்று நாளில் இவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நான் பேசாமல் நிற்கும் அதே நேரத்தில் அவர் ஏதோ ஒரு மரத்தின் உச்சியில் இருக்கிறார். அக்கா சொன்னதையும் நான் செய்ததையும் அவளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "எங்கே தோப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பேரும் என் ஒரே ஸ்கூட்டியில் ஏறினோம். விஷயத்தைப் போகிற வழியில்தான் அக்காவிடம் சொன்னேன். என் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது.

தோப்பில் அவர் ஓர் உயரமான மரத்தின் கொண்டையில் இருந்தார். காலில் தளைக்கயிறு, கையில் அரிவாள். கூப்பிடலாம் என்று நான் வாயைத் திறக்க, அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினார். "சத்தம் கேட்டுக் குனிஞ்சா பிடி விட்ரும். பேசாம நில்லு." அப்புறம் தன் முந்தானையைத் தானே வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒவ்வொரு காயும் தொப்பென்று விழும்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்து நிமிடம் இருக்குமா, தெரியாது. என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே ஜெபித்தது அப்போதுதான். சத்தமே வரவில்லை.

அவர் இறங்கினார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க தாயி! எளநி வெட்டட்டா?" என்றார். அந்தச் சிரிப்பை என் கையால் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, அன்னைக்கு ஒங்களுக்குக் கொணமாயிருச்சுன்னு இந்தப் பிள்ளை சொல்லலண்ணே. நானாச் சேத்துச் சொன்னது. தயவுசெஞ்சு மரம் ஏறாதீக."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்து, காலிலிருந்த கயிற்றை மெதுவாகக் கழற்றினார். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ள என்னதான் சொல்லுச்சு?"

அவளிடம் கேட்டேன். அவள் அவருக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, அன்று ஜெபித்ததை மறுபடியும் சொன்னாள். நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "ஆண்டவரே, இவருக்கு எப்போது சுகம் தருவீர் என்று எனக்குத் தெரியாது. தரும்படி கேட்கிறேன். அதுவரை இவர் பயத்தோடு தனியாக இருக்க விடாதேயும். இவர் சாப்பிடும் மாத்திரைகளுக்காக நன்றி சொல்கிறேன்."

மாத்திரைக்கு நன்றி சொன்ன அந்தக் கடைசி வரியை அன்று நான் விட்டுவிட்டிருந்தேன். விசுவாசக் குறைவாகக் கேட்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுவே நல்லாத்தான இருக்கு. இத ஏன் தாயி மாத்துன?"

அவர் எழுந்து கயிற்றை மனைவியிடம் கொடுத்தார். "மாத்திரை வீட்டுல கெடக்கா?" என்று கேட்டார். "அலமாரிலதான் இருக்கு, வாங்க" என்றார் அக்கா.

அதன் பிறகு அவர் மரம் ஏறவில்லை. அடுத்த மாதம் வீட்டிலேயே ஒரு முறை வலிப்பு வந்தது. தரையில் இருந்ததால் உதட்டில் சின்னக் காயத்தோடு போயிற்று என்று அக்கா சொன்னார். அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. அவர் இப்போதும் கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும்தான் சபைக்கு வருகிறார். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு நான் எந்த வகையிலும் தகுதியானவள் இல்லை.

அந்தப் பெண் ஊருக்குப் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, தன்மேலும் தப்பு இருக்கிறது என்றாள். தன் வார்த்தை எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டுமாம். அவளுக்கு நம்பிக்கை போதவில்லை என்று நினைத்தவள் நான். தெரியாததைத் தெரியாது என்று கடவுளிடமே சொல்லும் அளவுக்கு அவளுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்குத்தான் அது இல்லை, அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன் என்பது, இன்று யாராவது தங்கள் நோயைச் சொல்லி 'எனக்காக ஜெபி' என்று கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் உறைக்கிறது.