புகைக்கு அஞ்சி மலைக்கு வந்தவர்

தை மாதமொன்றில் இலங்கை மலைநாட்டின் நானுஓயாவில் நான் ரயிலேறியபோது, எதிர் இருக்கையில் மெலிந்த மனிதரொருவர் இருந்தார். அடிக்கடி வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, அதன் நிறத்தை உற்றுநோக்கினார். கரையோர நகரமொன்றில் கடை வேலையாம். கடற்காற்று ஓய்ந்து புகைமூட்டம் கவியும் இப்பருவத்தில் அங்கே மூச்சுத் திணறுவதால், ஆண்டுதோறும் பட்டிப்பொலவில் தங்கை குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வருவாராம்.

“இங்க வந்தா சொகமாயிருதுங்களா?” என்றேன்.

“எங்கங்க. அண்ணனுக்குக் குளிருமேன்னு தங்கச்சி கதவ சாத்திட்டு, அடுப்பு பக்கத்துலயே படுக்க வைக்கும். அந்தப் புகையில இன்னும் இருமுவேன்.”

“சொல்லிப்புடலாமேங்க?”

“எனக்காகக் காட்டுக்குப் போயி வெறகு சொமந்துட்டு வருது. எப்படிங்க சொல்றது?”

பட்டிப்பொல நிலையத்தில் கம்பளியுடன் காத்திருந்த பெண்ணைக் கண்டதும், எழுந்த இருமலை விழுங்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினார். நல்ல காற்றுக்காகத்தான் அவர் வருகிறாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.